பெயர் சூட்டிய பெருந்தகை டாக்டர் இராபர்ட் வைட்

மருத மரத்தை அறியாத தமிழர் இல்லை. ஆற்றங்கரையில் வெண்சாம்பல் நிறப் பட்டையோடு ஓங்கி நிற்கும் அம்மரத்தை நீர்மருது என்றும் வெண்மருது என்றும் மக்கள் அழைப்பர். அதன் பட்டை இதயத்துக்கு நல்லது என்று நாட்டு மருத்துவம் கூறும். ஆனால் சங்கப் புலவர்கள் மருதம் என்று பாடியது இம்மரந்தானா, அல்லது ஊதா கலந்த இளஞ்சிவப்பு மலர்களைக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் பூமருதா என்று கேட்டால் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. இரண்டும் வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்த மரங்கள். இரண்டு மரங்களுக்கு ஒரு பெயர் வழங்கியதால் வந்த குழப்பம் இது.

தாவரவியல் மாணவனாகிய எனக்கு நீர்மருதின் பெயர் டெர்மினாலியா அர்ஜுனா. அப்பெயரின் வாலில் சில சுருக்கெழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் இரவு நாங்கள் அவற்றையும் சேர்த்து உருப்போடுவோம். அவற்றை விரித்துப் படித்தால் நான்கு மனிதர்கள் வெளிப்படுவார்கள். ராக்ஸ்பர்க், டி கண்டோல், வைட், ஆர்னாட். இந்த மரத்தோடு இவர்களுக்கு என்ன உறவு? இவர்கள் எங்கே பிறந்தார்கள், எதற்காக உழைத்தார்கள்? இக்கேள்விகளுக்கு விடை தேடப் புகுந்த எனக்கு, அந்நால்வருள் ஒருவரின் வாழ்க்கை பெரும் வியப்பைத் தந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பாளையங்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் வாழ்ந்து, நம் மலைகளிலும் வயல்வெளிகளிலும் பூத்த மலர்களை உலகுக்கு அறிமுகம் செய்த டாக்டர் இராபர்ட் வைட் அவர்தாம். அவரது வரலாற்றை என் உடன் பயிலும் நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

பெயருக்கு ஏன் இத்தனை பாடு?

மலர்களுக்குப் பெயரிடுவதில் நம் முன்னோர் பின்தங்கியவர் அல்லர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்படுத்தினார். எனினும் வழக்குப் பெயர்களில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழ்நாட்டில் நன்னாரி என்றால் மெல்லிய வேருடைய ஒரு கொடி. தெலுங்கு நாட்டின் சில பகுதிகளிலோ நாம் ஊறுகாய் போடும் மாகாளிக் கிழங்கையே நன்னாரி என்று சொல்லிச் சர்பத்துக் காய்ச்சுகிறார்கள். சர்பத்தில் பெயர் மாறினால் பெரிய தீங்கில்லை. மருந்தில் மாறினால் என்ன ஆகும்? ஆதலால்தான் எல்லா நாட்டாரும் ஒப்புக்கொள்ளும் ஒரு பெயர் ஒவ்வொரு செடிக்கும் தேவைப்பட்டது.

சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் 1753 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இருசொல் பெயரிடும் முறையை எல்லாத் தாவரங்களுக்கும் சீராகக் கையாண்டார். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். அவரிடம் பயின்ற கோனிக் என்பவர் 1768 ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்தார். கிறித்தவச் சமயப் பணியாளரான ராட்லர், கிளைன் முதலியோரும் அவர் வழியில் சோழமண்டலக் கரையின் செடிகளைத் திரட்டினர். ஆந்திரக் கரையில் சாமர்லகோட்டாவிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் உழைத்த ராக்ஸ்பர்க், நம் நாட்டு ஓவியர்களைக் கொண்டு ஆயிரக்கணக்கான செடிகளை வரையச் செய்தார். இந்தப் பாதையில்தான் வைட் வந்து சேர்ந்தார்.

மருத்துவராக வந்தவர்

இராபர்ட் வைட் 1796 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6 ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் பிறந்தார். பிள்ளைகள் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1818 இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் மருத்துவ மாணவர்கள் தாவரவியலும் கற்றாக வேண்டும். மருந்துகளில் பெரும்பாலானவை செடிகொடிகளிலிருந்து கிடைத்தவை அல்லவா? மறு ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியின் துணை அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 23.

படைப்பிரிவுகளோடு ஊர் ஊராகச் செல்லும் வேலை. சிப்பாய்களின் காய்ச்சலையும் காயங்களையும் கவனித்தபின் எஞ்சிய நேரத்தில் வைட் செடிகளைத் தேடினார். சாமர்லகோட்டா, ராஜமுந்திரி, வேலூர், சென்னை ஆகிய இடங்களில் சேர்த்தவற்றைப் பதப்படுத்தி எடின்பரோவில் இருந்த கிரகாமுக்கு அனுப்பினார். ஆனால் அக்கப்பல் நன்னம்பிக்கை முனைக்கு அருகே மூழ்கியது. பல ஆண்டு உழைப்பு கடலுக்குள் போயிற்று.

செடியைப் பதப்படுத்துவது எத்துணைப் பொறுமை வேண்டும் பணி என்பதைத் தாவரவியல் மாணவர் அறிவர். பூவும் காயும் உள்ள கிளையைத் தேர்ந்து, தாள்களுக்கிடையே பரப்பி, பலகை வைத்து அழுத்தி, ஈரத்தாளை மாற்றிக்கொண்டே வர வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கரையானும் அந்தும் தாளோடு சேர்த்து இலையையும் தின்றுவிடும். இத்தனைக்கும் தப்பி நிற்பதே உலர்தாவரத் தொகுப்பாகும். அதனை இழந்தும் வைட் மனம் தளரவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

பதவி போயிற்று, வேட்கை போகவில்லை

1826 இல் அவருக்கு நல்ல காலம் வந்தது. சென்னையில் கம்பெனியின் இயற்கை ஆய்வாளர் என்னும் பதவி கிடைத்தது. ஊர்சுற்றிச் செடி சேர்ப்பதே இப்போது அவரது அலுவல். ஓவியர் ரங்கையா அவருக்காக வரையத் தொடங்கியதும் ஏறத்தாழ இக்காலத்தில்தான். ஆனால் அந்த வாழ்வு ஈராண்டே நீடித்தது. 1828 இல் ஆளுநர் லஷிங்டன் காலத்தில் அப்பதவியே ஒழிக்கப்பட்டது. சேர்த்த தொகுப்புகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. வைட் நாகப்பட்டினத்துக்குப் படை மருத்துவராக மாற்றப்பட்டார்.

இந்த இடத்தில்தான் அம்மனிதரின் இயல்பு எனக்குத் தெளிவாகப் புலப்பட்டது. பதவிக்காகச் செடி சேர்ப்பவராக இருந்திருந்தால் அன்றோடு நிறுத்தியிருப்பார். வைட்டோ நாகப்பட்டினத்தில் தம் சொந்தப் பணத்தில் ஆட்களை அமர்த்திச் சோழநாட்டின் செடிகளைத் திரட்டினார். கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஜாக்சன் ஹூக்கருக்கு மடல் எழுதி, பதப்படுத்திய செடிகளையும் ரங்கையாவின் ஓவியங்களையும் அனுப்பிவைத்தார். ஹூக்கர் அவ்வோவியங்களை வியந்து தம் வெளியீடுகளில் அச்சிட்டார். நம் ஊர்ப்புறத்துச் செடியை நம் நாட்டு ஓவியர் தீட்டிய படம் ஐரோப்பிய அறிஞர் மேசையை அடைந்தது.

இரண்டு டன் செடிகள்

1831 இல் விடுப்பில் தாயகம் சென்றபோது அவர் கொண்டுசென்ற உடைமை என்ன தெரியுமா? பதப்படுத்திய செடிகள் சுமார் 1,00,000. அவை 3000 முதல் 4000 வரையிலான சிற்றினங்களைச் சேர்ந்தவை. எடை இரண்டு டன். ஊர் திரும்புவோர் பலர் பொன்னும் பட்டும் கொண்டுபோன காலத்தில் இவர் காய்ந்த இலைகளைக் கொண்டுபோனார்.

ஸ்காட்லாந்தில் அவருக்கு உற்ற துணையாக வாய்த்தவர் ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட். ஆர்னாட் சட்டம் படித்தவர், ஆனால் செடிகளிடமே மனத்தைப் பறிகொடுத்தவர். இருவரும் சேர்ந்து 1834 இல் இந்தியத் தீபகற்பத் தாவரங்கள் பற்றிய புரோட்ரோமஸ் என்னும் நூலின் முதல் தொகுதியை வெளியிட்டனர். ஏறத்தாழ 1400 சிற்றினங்களின் விளக்கங்கள் அதில் உள்ளன.

நூல் எழுதப்பட்ட முறையும் அறியத்தக்கது. லின்னேயஸ் பூவின் மகரந்தத் தாள்களை எண்ணித் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்திருந்தார். எண்ணத் தெரிந்தால் போதும், வகுப்பைச் சொல்லிவிடலாம். ஆனால் ஐந்து மகரந்தத் தாள் என்ற ஒரே காரணத்தால் கத்தரியும் காபியும் திராட்சையும் மாவும் ஒரே வகுப்பில் வந்து அமர்ந்தன. ஒரே எண்ணுள்ள கதவிலக்கம் கொண்டவர்களையெல்லாம் உறவினர் என்று சொன்னால் எப்படியோ அப்படி! பிரெஞ்சு அறிஞர் ஜூஸியூவும் ஜெனீவாவின் டி கண்டோலும் வேறு வழி காட்டினர். சூலகம், விதை, கனி, இலையமைப்பு என்று பல பண்புகளையும் சேர்த்துப் பார்த்து, உண்மையான உறவு எங்கே உள்ளதோ அங்கே சேர்க்க வேண்டும் என்றனர். இதுவே இயற்கை வகைப்பாடு. வைட்டும் ஆர்னாட்டும் இம்முறையில் நின்று நம் நாட்டுத் தாவரங்களை ஒழுங்குபடுத்தினர்.

மருத மரத்தின் பெயரில் வைட் வந்தது இவ்வாறுதான். ராக்ஸ்பர்க் இம்மரத்தின் வடமொழிப் பெயரைக் கொண்டு பென்டாப்டெரா அர்ஜுனா என்று கையெழுத்துப் படியில் குறித்திருந்தார். பென்டாப்டெரா என்பதற்கு ஐந்து சிறகுடையது என்று பொருள். மருதங்காயில் ஐந்து சிறகுகள் இருப்பதை நாம் காணலாம். டி கண்டோல் அப்பெயரை 1828 இல் அச்சேற்றினார். வைட்டும் ஆர்னாட்டும் மரத்தை ஆராய்ந்து, இது கடுக்காய்க்கும் தான்றிக்கும் நெருங்கிய உறவு, தனிப் பேரினம் வேண்டியதில்லை, டெர்மினாலியாவிலேயே சேர்க்கலாம் என்று 1834 இல் முடிவு செய்தனர். ஒருவர் கண்டார், ஒருவர் அச்சிட்டார், இருவர் உரிய இடத்தில் சேர்த்தனர். நால்வர் பெயரும் மரத்தோடு நின்றுவிட்டன. நாங்கள் உருப்போட்ட சுருக்கெழுத்துகளுக்குள் அடங்கிக் கிடந்தது இந்த வரலாறுதான்.

மேலே சொன்ன மாகாளிக் கிழங்குக்கு டெக்காலெபிஸ் ஹாமில்டோனியை என்று பெயரிட்டவர்களும் இவ்விருவரே. காட்டோரங்களில் முள்ளோடு நிற்கும் விடத்தலை மரத்தின் அறிவியல் பெயரிலும் இவர்கள் இருவரும் உண்டு. நட்பின் அடையாளமாக ஆர்னாட் 1839 இல் குக்குலு தரும் செடிக்கு வைட்டின் பெயரைச் சூட்டினார். பேரினம் பின்னாளில் மாறியும் அச்செடி கோமிஃபோரா வைட்டியை என்று இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

கல்லில் மலர்ந்த பூக்கள்

1834 இல் வைட் மீண்டும் இந்தியா வந்தார். பெல்லாரியில் இருந்த படைப்பிரிவு பாளையங்கோட்டைக்கு மாறியபோது 700 மைலுக்கு மேற்பட்ட அந்நெடும் பயணத்தில் வழியெங்கும் செடி சேர்த்தார். குற்றாலச் சாரலும் அவரைக் கவர்ந்தது. 1836 இல் வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டு, பருத்தி, புகையிலை, நிலாவாரை முதலிய பயன்தரு பயிர்களை ஆராயும் பணியை ஏற்றார். 1838 இல் ரோசா ஹாரியட் ஃபோர்டு அம்மையாரை மணந்தார்.

ஆர்னாட் கடலுக்கு அப்பால் இருந்தார். புரோட்ரோமஸின் இரண்டாம் தொகுதி வெளிவரவே இல்லை. வைட் வேறு ஒன்றைச் சிந்தித்தார். இந்தியாவின் உள்ளூர்களில் இருப்பவரிடம் பெரிய நூலகம் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க உலர்தாவரத் தொகுப்பும் இல்லை. வெறும் சொல் விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு செடியை அவர் எவ்வாறு இனங்காண்பார்? படம் வேண்டும். அதுவும் எளியவர் வாங்கத்தக்க விலையில் வேண்டும். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டால் செலவு மிகும். எனவே அவர் கல்லச்சு முறையைத் தாமே முயன்று கற்றார்.

கல்லச்சில் வழவழப்பான சுண்ணக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் அமையும். கல்லை நனைத்தால் படம் இல்லாத இடம் நீரை ஏற்கும். பிறகு மை உருளையை உருட்டினால் ஈரமான இடத்தில் மை ஒட்டாது, படத்தில் மட்டும் ஒட்டும். கேட்பதற்கு எளிது. சென்னை வெயிலில் கைதேர்ந்த அச்சுத் தொழிலாளர் அரிதாயிருந்த காலத்தில் அதைச் செய்து காட்டுவது எளிதன்று.

1838 முதல் படநூல்கள் வெளிவரத் தொடங்கின. வண்ணப்படங்கள் கொண்ட இல்லஸ்ட்ரேஷன்ஸ் இரண்டு தொகுதிகள். நீலகிரி மலர்களுக்கென்றே ஸ்பிசிலீஜியம் நீல்கிரென்ஸ் இரண்டு தொகுதிகள். இவற்றுக்கெல்லாம் மேலாக ஐகோன்ஸ் என்னும் பெருநூல் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் உள்ள படங்கள் 2101. அரசு சில படிகளை வாங்கி ஆதரித்தது. ஆயினும் சுமையின் பெரும்பகுதி வைட்டின் தோளில்தான் இருந்தது. ராக்ஸ்பர்க் வரையச் செய்து கல்கத்தாவில் அச்சேறாமல் கிடந்த படங்கள் பலவற்றையும் ஐகோன்ஸில் வெளியிட்டு, தமக்கு முன் உழைத்தவரின் உழைப்பை வீணாகாமல் காத்தார்.

இந்தப் படங்களின் அடியில் ஓவியரின் பெயரைப் பொறித்தார் என்பதே என்னை மிகவும் ஈர்த்த செய்தி. தொடக்கத்தில் ரங்கையா. ஏறத்தாழ 1845 க்குப் பின் கோவிந்து. அக்காலத்தில் கம்பெனி அலுவலர்களுக்கு வரைந்து கொடுத்த நம் நாட்டு ஓவியர் எண்ணற்றோர். அவர்களில் மிகப் பலரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. உள்ளூர் ஓவியர் என்ற இரண்டு சொல்லோடு அவர்கள் கதை முடிந்தது. வைட் அவ்வாறு செய்யவில்லை.

தாவரப் படம் வரைவது வெறும் அழகுக் கலையன்று. இலை நரம்பு எங்கே பிரிகிறது, மகரந்தத் தாள் இதழோடு ஒட்டியிருக்கிறதா, சூலகத்தில் எத்தனை அறை என்பனவெல்லாம் பிழையின்றி வர வேண்டும். ஒன்று தவறினாலும் செடி வேறு பேரினத்துக்குப் போய்விடும். ஆய்வகத்தில் ஒரு பூவை நீள்வெட்டாக வெட்டி வரைய நாங்கள் படும் பாட்டை நினைத்தால், ரங்கையாவும் கோவிந்துவும் ஆண்டுக்கணக்கில் செய்த பணியின் அருமை விளங்கும்.

கோவிந்துவின் பெயர் என்ன ஆயிற்று?

1842 முதல் வைட் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணையின் பொறுப்பில் இருந்தார். இங்கிலாந்தின் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி வேண்டும். அதை இந்தியாவில் விளைவிக்க முடியுமா என்பதே கம்பெனியின் ஆர்வம். செடிகளின் மேல் அரசு காட்டிய அக்கறைக்குப் பின்னால் வணிக நோக்கம் இருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. பதினோராண்டு உழைத்தும் அம்முயற்சி எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை. அரசுப் பணிக் குறிப்பேட்டை மட்டும் பார்ப்பவர் அவரைப் பருத்தியில் வெற்றி காணாத ஓர் அலுவலர் என்றே எண்ணக்கூடும். ஆனால் அதே பதினோராண்டுகளில்தான் ஐகோன்ஸின் பெரும்பகுதி வெளிவந்தது.

1853 இல் ஐகோன்ஸின் இறுதித் தொகுதி வந்தது. அதில் ஓர் ஆர்க்கிட் செடியைப் புதிய பேரினமாகக் கருதிய வைட், அதற்குக் கோவிந்துவியா என்று பெயரிட்டார். அரசருக்கும் ஆளுநருக்கும் பிரபுக்களுக்கும் மலர்ப் பெயர் சூட்டி மகிழ்ந்த காலத்தில், தம்மிடம் ஊதியம் பெற்ற ஓர் இந்திய ஓவியரின் பெயரை ஒரு பேரினத்துக்கே சூட்டினார்.

அப்பெயர் நிலைத்ததா? இல்லை. பெயரிடுமுறையில் முன்னுரிமை விதி என்று ஒன்று உண்டு. ஒரு பேரினத்துக்கோ சிற்றினத்துக்கோ முதலில் முறையாக வெளியான பெயரே செல்லும். லின்னேயஸின் 1753 ஆம் ஆண்டு நூலே பூக்கும் தாவரங்களுக்குத் தொடக்க எல்லை. கோவிந்துவியா என்று வைட் கண்ட செடி, இலண்டன் அறிஞர் லிண்ட்லி 1833 இலேயே ட்ரோபிடியா என்று பெயரிட்ட பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே கோவிந்துவின் பெயர் இணைபெயர்ப் பட்டியலுக்குள் போயிற்று. இன்று எந்தச் செடியும் அப்பெயரில் வழங்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. விதி அநீதியானது என்று கூடத் தோன்றியது. நன்றாகச் சிந்தித்தால் விதியின்மேல் குற்றமில்லை என்பது விளங்கும். இரக்கத்துக்காகவும் பெருமைக்காகவும் பெயரை மாற்றிக்கொண்டே போனால் மருதமா பூமருதா என்ற பழைய குழப்பமே மீண்டும் வரும். வைட் தாமே சூட்டிய பெயர்கள் பலவும் இவ்வாறு இணைபெயர்களாகி மறைந்திருக்கின்றன. ஆனால் முன்னுரிமை விதி பெயரைத்தான் நீக்க முடியும், செய்த வேலையை நீக்க முடியாது. ஐகோன்ஸின் படங்கள் தாவரவியலாரால் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ரங்கையாவும் கோவிந்துவும் தீட்டிய மூல ஓவியங்களில் 700 க்கும் மேற்பட்டவை எடின்பரோ அரசத் தாவரவியல் தோட்டத்தில் காக்கப்படுகின்றன. அங்குப் பணிபுரிந்த ஆய்வாளர் ஹென்றி நோல்டி 2007 இல் வைட்டைப் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டபோது, நூலின் தலைப்பிலேயே ரங்கையா, கோவிந்து என்ற இரு பெயர்களையும் சேர்த்தார். வைட் படத்தின் அடியில் பெயரைப் பொறித்து வைத்ததால் அல்லவா ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் அவர்களைத் தேடி எடுக்க முடிந்தது?

இன்னொரு கூட்டத்தாரையும் நினைக்க வேண்டும். வைட்டுக்காக மலையேறிக் காட்டில் திரிந்து செடி பறித்துவந்த ஆட்கள் பலர். எந்தப் பாறைச் சரிவில் எந்தப் பூ எந்த மாதத்தில் பூக்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்தாம். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. சிற்றினப் பெயரின் வாலில் இடம் பெறுவது பெயரிட்டவர் மட்டுமே. பறித்தவருக்கும் வரைந்தவருக்கும் அங்கே இடமில்லை.

இறுதி நாள்கள்

1853 இல் வைட் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். ரெடிங் நகருக்கு அருகே கிரேஸ்லி என்னும் ஊரில் நிலம் வாங்கி வேளாண்மை செய்தார். 1855 இல் அரசக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் ஆலைகளுக்குப் பருத்தி வருவது தடைப்பட்டபோது, கோவையில் தாம் பெற்ற பட்டறிவைக் கொண்டு பருத்தி வேளாண்மை பற்றி எழுதினார். தம் வாழ்நாள் செல்வமாகிய உலர்தாவரத் தொகுப்பை 1871 இல் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அளித்தார். 1872 ஆம் ஆண்டு மே 26 ஆம் நாள் மறைந்தார். ஹூக்கரின் மகனார் ஜோசப் டால்ட்டன் ஹூக்கர் தொகுத்த பிரிட்டிஷ் இந்தியத் தாவரங்கள் என்னும் ஏழு தொகுதி நூல் வெளிவரத் தொடங்கியதும் அவ்வாண்டே. அந்நூலுக்கும், 1915 இல் தொடங்கி 1936 இல் நிறைவுற்ற கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலுக்கும் வைட்டின் உழைப்பு அடித்தளமாயிற்று. சென்னை மாகாணச் செடிகளை இனங்காண விரும்பும் மாணவர் கேம்பிளை எடுக்காமல் இருக்க முடியாது. கேம்பிளை எடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் வைட்டைக் காணாமலும் இருக்க முடியாது.

நாம் செய்ய வேண்டியது

நண்பர்களே! வைட்டின் காலத்தோடு பெயரிடும் பணி முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இன்றும் புதிய சிற்றினங்கள் அறிவிக்கப்பட்டு வருகின்றன. புதிய சிற்றினத்தின் விளக்கம் லத்தீனில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் 2012 இல் நீங்கி, ஆங்கிலத்திலும் எழுதலாம் என்றாயிற்று. வைட்டுக்குக் கப்பலும் மாட்டுவண்டியும் தேவைப்பட்டன. நமக்குக் கோவையில் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் உலர்தாவரத் தொகுப்பும் திருச்சியில் ராபினட் உலர்தாவரத் தொகுப்பும் பேருந்துத் தொலைவில் உள்ளன.

மற்றொன்றும் கவலைக்குரியது. அவர் பெயரைத் தாங்கிய குக்குலுச் செடி மிக அருகிவிட்டது. அவர் பெயரிட்ட மாகாளிக் கிழங்கை வேரோடு தோண்டித் தோண்டி, அதுவும் அழியும் இடரில் உள்ள தாவரங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. செடி போனபின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம்?

எங்கள் துறையில் ஒவ்வோராண்டும் மாணவர்கள் செடி சேர்த்து ஒட்டித் தருகிறோம். அந்தத் தாளின் மூலையில் செடியின் பெயர், குடும்பம், இடம், நாள், சேர்த்தவர் பெயர் என்று எழுதுவதற்குக் கட்டங்கள் உண்டு. பலர் முதலிரண்டையும் நிரப்பிவிட்டு மற்றவற்றை வெறுமையாக விட்டுவிடுகிறோம். வைட்டின் வரலாற்றைப் படித்தபின் அக்கட்டங்களின் மதிப்பு எனக்கு விளங்கியது. இடத்தைத் துல்லியமாக எழுதுவோம். நாளைத் தவறாமல் குறிப்போம். அச்செடியைக் காட்டிக் கொடுத்தவர் ஆடு மேய்க்கும் பெரியவராயினும் கல்லூரித் தோட்டக்காரராயினும், அவரது இசைவோடு அவர் பெயரையும் எழுதி வைப்போம். செடியின் பெயர் விதிப்படி மாறலாம். நாம் எழுதி வைத்த அந்த ஒரு வரி மாறாது.